'மூட்', 'மூடி': வீரத்தைக் குறித்த சொல் சிடுசிடுப்பைக் குறித்தது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"மூட் அவுட்", "மூடே இல்ல", "அவர் கொஞ்சம் மூடி டைப்" என்றெல்லாம் பேசாத நாள் நமக்கு அபூர்வம். தமிழ்ப் பேச்சுக்குள் இவ்வளவு இயல்பாக வந்து உட்கார்ந்துவிட்ட இந்தச் சொல்லின் பழைய பொருளைச் சொன்னால் பலரும் நம்ப மறுக்கிறார்கள். அதையொட்டி எழும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் 'மூடி' என்று வருவது, வேறு விதமாகச் சொல்லாத வரை, ஆங்கிலச் சொல்தான்.

ஆங்கிலத்தில் ஒருவரை 'மூடி' என்றால் சரியாக என்ன சொல்கிறார்கள்?

இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒன்று, மனநிலை அடிக்கடி மாறுகிறவர். நம் ஊர்ப் பேச்சில் "ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்க மாட்டான்" என்பார்களே, அது. இன்னொன்று, காரணம் சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு யாரோடும் பேசாமல் இருப்பவர், உம்மணாமூஞ்சி. இந்த இரண்டில் எது என்பதைப் பேச்சின் சூழலை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

மனிதரை விட்டு ஒரு புகைப்படத்தையோ இசையையோ 'மூடி' என்றால் அது குறை சொல்வதாகாது. நிழல் அடர்ந்த, கனமான, மனதை ஏதோ ஒரு பக்கம் இழுக்கிற தன்மை உள்ளது என்று பொருள். ஒளிப்பதிவாளர்கள் 'மூடி லைட்டிங்' என்று சொல்வது இந்தப் பொருளில்தான்.

'மூட் அவுட்', 'மூட் ஆஃப்' என்பவை சரியான ஆங்கிலமா?

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இப்படிச் சொல்வதில்லை. இவை இந்தியாவில் உருவான வழக்குகள். மின்விளக்கு அணைவதுபோல மூடும் 'ஆஃப்' ஆகிறது என்று நாம் கொண்டோம். பேச்சில் தாராளமாகச் சொல்லலாம். தமிழ்ப் பேச்சுக்குள் வந்த பிறகு அது நம் வழக்கு. ஆங்கிலத்திலேயே எழுதும்போது மட்டும் 'இன் எ பேட் மூட்' என்று எழுதுங்கள்.

இங்கே ஒரு நுட்பமும் உண்டு. 'பேட்' என்ற சொல் இல்லாமல் வெறுமனே 'ஷி இஸ் இன் எ மூட்' என்று ஒரு ஆங்கிலேயர் சொன்னால், அவள் கடுகடுவென்று இருக்கிறாள் என்றே பொருள். 'இன் த மூட்' என்றால் நேர்மாறு: ஒன்றைச் செய்ய மனம் இசைந்திருக்கிறது. 'எ', 'த' என்ற ஒற்றை எழுத்து வித்தியாசத்தில் பொருள் தலைகீழாகிறது. நம்மவர்கள் வழுக்குகிற இடம் இது.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனிலிருந்தோ பிரெஞ்சிலிருந்தோ வந்ததல்ல. ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இதை 'மோட்' என்று, ஓகாரத்தை நீட்டி உச்சரித்தார்கள். அதன் பொருள் மனம், நெஞ்சம், உள்ளத்தின் ஆற்றல், துணிவு, செருக்கு என்று விரிந்து கிடந்தது. மனிதனின் உள்ளே நினைப்பதும் உணர்வதும் துணிவதும் எதுவோ, அதற்கே அந்தப் பெயர்.

ரோமானியத் தத்துவவாதி போயதியஸ் எழுதிய 'தத்துவத்தின் ஆறுதல்' என்ற லத்தீன் நூலைப் பழைய ஆங்கிலத்தில் பெயர்த்திருக்கிறார்கள். ஆல்ஃபிரட் மன்னரின் பெயரோடு வழங்கும் அந்தப் பெயர்ப்பில் ஞானமும் ஒரு மனிதனின் மனமும் உரையாடுகின்றன. துன்பத்தில் புலம்பி, கேள்வி கேட்டு, தெளிவு பெறும் அந்தப் பாத்திரத்தின் பெயரே 'மோட்'தான். இன்று "மூட் இல்ல" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். அன்று அது ஞானத்தோடு உட்கார்ந்து வாதாடியது.

இதிலிருந்து கூட்டுச் சொற்களும் நிறையப் பிறந்தன. 'மோட்கிராஃப்ட்' என்றால் அறிவாற்றல். 'மோட்கெயாரு' என்றால் மனத்துயர். 'கிளட்மோட்' என்றால் மகிழ்ந்த மனமுடையவர். இவற்றில் ஒன்றும் இன்று வழக்கில் இல்லை.

அப்படியானால் 'மூடி' என்றால் அப்போது என்ன பொருள்?

வீரன். துணிந்தவன். பெருமிதம் மிக்கவன்.

பழைய ஆங்கிலத்தில் அது 'மோடிக்' என்ற வடிவில் இருந்தது. ஒரு போர்வீரனைப் புகழக் கவிஞர்கள் கையில் வைத்திருந்த சொல். 'பேயோவுல்ஃப்' காவியத்தில் அது திரும்பத் திரும்ப வரும். சிடுசிடுப்பின் சாயல் அதில் துளியும் இல்லை.

துணிவும் பெருமையும் ஒரே சொல்லில் எப்படி இருந்தன என்று சிலர் கேட்பதுண்டு. தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளில் ஒன்றாகப் பெருமிதத்தைச் சொல்லி, அது கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகிய நான்கின் வழியே பிறக்கும் என்கிறது. தறுகண் என்றால் அஞ்சாமை. வீரத்தையும் பெருமிதத்தையும் ஒரே கொடியில் பூத்தவையாகத் தொல்காப்பியரும் கண்டார், வட கடல் ஓரத்துப் பாணர்களும் கண்டார்கள். இருவருக்கும் தொடர்பு எதுவும் கிடையாது. மனித மனம் எங்கும் ஒன்றுதான் என்பதால் இப்படி அமைந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

வீரம் எப்படிச் சிடுசிடுப்பானது?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். மாற்றம் ஒரே நாளில் வரவில்லை.

முதலில் ஒரு போர்க்களத்துக்குப் போவோம். 991 ஆகஸ்டில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில், மால்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில், கடல்வழி வந்த வைக்கிங் படைக்கும் பிர்ட்நாத் என்ற தலைவரின் படைக்கும் சண்டை மூண்டது. எதிரிகள் கப்பம் கேட்டார்கள், அவர் மறுத்தார். எதிரிகள் நின்ற திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒடுக்கமான பாதைதான் இருந்தது. அதை அடைத்து நின்றிருந்தாலே போதும். ஆனால் "எங்களைக் கரையேற விடுங்கள், நேருக்கு நேர் மோதுவோம்" என்று அவர்கள் கேட்டபோது பிர்ட்நாத் சம்மதித்தார். அந்தப் போரில் அவர் இறந்தார், படையும் தோற்றது.

இதைப் பாடிய பெயர் தெரியாத கவிஞர், பிர்ட்நாத் வழி விட்டதற்குச் சொல்லும் காரணம் 'ஓஃபர்மோட்'. மோட் அளவு மீறிவிட்டது என்று பொருள். அது பாராட்டா பழியா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். செருக்கு என்று பழிக்கிறார் கவிஞர் என்பதே என் வாசிப்பு. அதே பாடலின் முடிவுப் பகுதியில், தலைவர் விழுந்த பிறகும் ஓடாமல் நின்ற பிர்ட்வோல்ட் என்ற முதிய வீரர் சொல்கிறார்: நம் வலிமை குறையக் குறைய நெஞ்சு இன்னும் உறுதிப்படட்டும், உள்ளம் இன்னும் துணியட்டும், மோட் இன்னும் பெருகட்டும்.

ஒரே பாடலில் மோட் ஒருவரைக் கவிழ்க்கிறது, இன்னொருவரைத் தாங்கிப் பிடிக்கிறது. சொல் எந்தப் பக்கம் சரியப்போகிறது என்பதற்கான அறிகுறி அப்போதே தெரிகிறது. இந்தப் பாடலின் கையெழுத்துப் படி 1731-இல் ஒரு நூலகத் தீ விபத்தில் அழிந்துபோனது. அதற்கு முன்பே யாரோ பார்த்து எழுதி வைத்திருந்ததால்தான் இந்த வரிகள் நமக்குக் கிடைத்தன.

அப்புறம் 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். ஆட்சியோடு பிரெஞ்சுச் சொற்களும் வந்தன. துணிவைக் குறிக்க 'கரேஜ்' வந்தது. ஆற்றலைக் குறிக்க 'ஸ்பிரிட்' வந்தது. அதுவரை நினைவை மட்டுமே பெரும்பாலும் குறித்துவந்த 'மைண்ட்' என்ற சொந்தச் சொல், முழு மனதையும் குறிக்குமளவுக்கு வளர்ந்தது. மோட் ஆண்ட பகுதிகள் ஒவ்வொன்றாக வேறு சொற்களிடம் போய்விட, அதற்கு மிஞ்சியது அப்போதைக்கு மனம் இருக்கும் நிலை என்ற சின்னப் பகுதி மட்டும்.

'மூடி' இறங்கிய படிகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. துணிந்தவன் என்றது பெருமை பிடித்தவன் ஆயிற்று. பெருமை பிடித்தவன் எளிதில் சினம் கொள்வான். ஆகவே சினந்தவன் ஆயிற்று. சினம் வெளியே வராமல் உள்ளேயே கிடந்தால் முகவாட்டம்தானே? 1590-களில் அந்தக் கடைசிப் பொருள் எழுத்தில் வந்துவிட்டது. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் சாகக் கிடக்கும் மன்னர், பட்டத்து இளவரசனை எப்படிக் கையாள வேண்டும் என்று இன்னொரு மகனுக்குச் சொல்லும் இடத்தைப் பாருங்கள். அவன் 'மூடி'யாக இருக்கும்போது கயிற்றைத் தளர்த்தி விடு, கரை ஒதுங்கிய திமிங்கிலம் துள்ளித் துள்ளி ஓய்வதுபோல அவன் உணர்ச்சிகள் தாமே அடங்கட்டும் என்கிறார். மூடியான பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோருக்கு இதைவிடச் சிறந்த அறிவுரை நானூறு ஆண்டுகளில் வந்திருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகமே.

மற்ற ஐரோப்பிய மொழிகளில் இந்தச் சொல் இருக்கிறதா?

இருக்கிறது. அங்கெல்லாம் அது வீரமாகவே நிலைத்துவிட்டது. ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் மூன்றிலும் கிட்டத்தட்ட 'மூட்' என்றே ஒலிக்கும் சொல்லுக்கு இன்றைக்கும் துணிவு என்றுதான் பொருள். ஒரு ஜெர்மானியரிடம் உங்களுக்கு 'மூட்' இருக்கிறதா என்று கேட்டால், தைரியம் இருக்கிறதா என்று கேட்டதாகவே எடுத்துக்கொள்வார். மறைந்துபோன கோதிக் மொழியிலோ இதன் உறவுச் சொல் சினத்தைக் குறித்தது.

ஜெர்மனில் இதை வைத்துக் கட்டிய கூட்டுச் சொற்கள் அழகானவை. உயர்ந்த மூட் என்றால் ஆணவம். நீண்ட மூட் என்றால் பொறுமை. கனத்த மூட் என்றால் ஆழ்ந்த துயரம். தள்ளாடும் மூட் என்றால் நிலையில்லாத மனம். நாம் சொல்லும் மூடுக்கு ஜெர்மானியர் 'லௌன' என்பார்கள். அது நிலவைக் குறிக்கும் 'லூனா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நிலா தேய்ந்து வளர்வதற்கேற்ப மனமும் மாறும் என்ற பழைய நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

தமிழில் மேகமூட்டம், மூடுபனி, மூடன் என்றெல்லாம் இருக்கின்றனவே. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போயிருக்குமோ?

இல்லை. மனம் மேகமூட்டம் போல இருண்டால் மூட், ஆகவே அது தமிழ்ச் சொல் என்ற விளக்கம் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் சொல்லின் பிறப்பைப் பார்க்க இன்றைய ஒலியையும் இன்றைய பொருளையும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தையும் பொருளையும் எடுக்க வேண்டும். பழைய வடிவம் 'மோட்', பழைய பொருள் மனம், துணிவு. மூடுதலுக்கும் மூட்டத்துக்கும் அதில் இடமில்லை. இருண்ட மனம் என்ற பொருள் வந்ததே பல நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

மூட்டம், மூடுபனி, பாட்டில் மூடி எல்லாம் 'மூடு' என்ற தமிழ் வினையிலிருந்து வந்தவை. மூடன், மூடநம்பிக்கை ஆகியவற்றில் இருப்பது மயங்கியவனைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல். மூன்றும் தனித்தனிக் குடும்பங்கள். தமிழின் பெருமைக்கு இப்படிப்பட்ட முட்டுக்கொடுத்தல் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். உண்மையான உறவு ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், ஆங்கில 'மைண்ட்' என்ற சொல்லும் சமஸ்கிருத 'மனஸ்' என்ற சொல்லும் ஒரே மூலத்தில் பிறந்தவை. 'மூட்' அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல.

ஆங்கில இலக்கணத்தில் வரும் 'மூட்' இதுதானா?

எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. இலக்கண மூட் என்பது வினை எந்த முறையில் சொல்லப்படுகிறது என்பது: செய்தியாகவா, ஏவலாகவா, விருப்பமாகவா. 'வா' என்ற ஏவலையும் 'வாழ்க' என்ற வியங்கோளையும் நாம் பிரிப்பதுபோல. முறை, அளவு என்று பொருள்படும் 'மோதுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த 'மோட்' (மேலே பார்த்த பழைய ஆங்கில 'மோட்' அல்ல), பக்கத்திலிருந்த 'மூட்' என்ற சொல்லின் பாதிப்பால் வடிவம் மாறியது. ஆக, இலக்கண மூடுக்கு உண்மையான உடன்பிறப்பு உங்கள் போனில் இருக்கும் 'சைலன்ட் மோட்'.

'மூட்', 'ஃபுட்' ஒரு மாதிரி, 'குட்', 'பிளட்' வேறு மாதிரி ஏன்? எழுத்து ஒன்றுதானே?

நல்ல கேள்வி. பழைய ஆங்கிலத்தில் உணவு, மனம், நல்லது, இரத்தம், வெள்ளம் ஆகிய எல்லாவற்றுக்கும் நெட்டோகாரமே இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிய பெரிய உயிரொலி மாற்றத்தில் அந்த ஓகாரம் ஊகாரமாயிற்று. அதன் பிறகு சில சொற்கள் குறுகின. முதலில் குறுகிய 'பிளட்', 'ஃப்ளட்' இரண்டும் அடுத்த மாற்றத்திலும் சிக்கி அகர ஒலிக்கு வந்துவிட்டன. தாமதமாகக் குறுகிய 'குட்', 'புக்' உகரத்தோடு நின்றன. 'மூட்' குறுகவே இல்லை. உணவைக் குறிக்கும் சொல்லும் குறுகவில்லை. அதை நாம் 'ஃபுட்' என்று எழுதினாலும் ஆங்கிலேயர் வாயில் அது 'ஃபூட்'தான்.

'மூடீஸ்' தரவரிசை நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, குடும்பப் பெயர் வழியாக. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மூடி 1909-இல் ரயில்வே கடன் பத்திரங்களுக்குத் தரம் குறித்து வெளியிட்டார். அவருடைய குடும்பப் பெயர், வீரன் என்ற பழைய பொருளில் வந்த 'மோடிக்'தான். சொல்லில் அழிந்த பொருள் பெயரில் தங்கிவிட்டது.

'மூட்' இந்தப் பொருளுக்கு வருமுன் ஆங்கிலேயர்கள் மனநிலை மாற்றத்தை எப்படிச் சொன்னார்கள்?

உடலில் ஓடும் நீர்மங்களை வைத்துச் சொன்னார்கள். இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கும் சமமாக இருந்தால் நலம், ஒன்று மிஞ்சினால் குணம் மாறும் என்பது கிரேக்க மருத்துவத்தின் கொள்கை. பழங்கால மருத்துவர் கேலன் வழியாக அது ஐரோப்பாவை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது. 'மெலன்கலி' என்ற சொல்லுக்கே கரும்பித்தம் என்றுதான் பொருள். 'டெம்பரமென்ட்' என்பது அந்த நான்கின் கலவை. 'ஹ்யூமர்' என்றால் நீர்மம். அதிலிருந்து மனநிலை என்ற பொருள் வந்தது, நகைச்சுவை என்ற பொருள் வெகு பின்னால்தான் வந்தது. திமிங்கில அறிவுரை சொன்ன அதே மன்னர் அதே பேச்சில் மகனைக் குளிர்காலம் போல 'ஹ்யூமரஸ்' என்கிறார். வேடிக்கையானவன் என்று படித்தால் தவறு. எப்போது மாறுவான் என்று தெரியாதவன் என்பதே அங்கே பொருள்.

நமக்கும் இந்த எண்ணம் அந்நியமல்ல. "வளிமுதலா எண்ணிய மூன்று" என்று வாத, பித்த, கபத்தைக் குறள் சொல்கிறது. பித்துப் பிடித்தவன் என்று இன்றும் சொல்கிறோம்.

கோள்களையும் விட்டுவைக்கவில்லை. சனியின் பெயரால் வாட்டமான குணம், வியாழனின் பெயரால் கலகலப்பு, புதனின் பெயரால் நொடிக்கு நொடி மாறும் 'மெர்க்குரியல்' குணம் என்று சொற்கள் உண்டாயின. மூடியானவரைக் கொஞ்சம் மரியாதையோடு சொல்ல 'மெர்க்குரியல்' இன்றும் கைகொடுக்கிறது.

லண்டன் பேச்சில் 'மூடி வாட்ச்' என்று கேட்டேன். கடிகாரத்துக்கு என்ன மூட்?

அது கொச்சை வழக்கு. போலிச் சரக்கு, அல்லது நேர்மையான வழியில் வராத சரக்கு என்று பொருள். அங்கேயே 'த்ரோயிங் எ மூடி' என்றால் கோபித்துக்கொண்டு முறுக்கிக்கொள்வது.

விரலில் போட்டால் நிறம் மாறும் 'மூட் மோதிரம்' உண்மையிலேயே மூடைக் காட்டுமா?

காட்டாது. 1975-இல் அமெரிக்காவில் அது பெரிய மோகமாக இருந்தது. கல்லுக்குள் இருக்கும் திரவப் படிகம் விரலின் வெப்பத்துக்கேற்ப நிறம் மாறும், அவ்வளவுதான். ஏ.சி. அறைக்குள் போனாலும் மாறும்.

மூட் வேறு, உணர்ச்சி வேறா? மூடியாக இருப்பது நோயா?

பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்தால் வருவது கோபம். யார் மேல், எதற்காக என்பது தெரியும். சற்று நேரத்தில் போய்விடும். எதற்கென்றே தெரியாமல் காலையிலிருந்து இரவுவரை எரிச்சலாக இருந்தால் அது மூட். உளவியலில் இந்த வேறுபாட்டைப் பொதுவாக இப்படித்தான் வகுக்கிறார்கள்.

மூட் மாறுவது இயல்பு. தூக்கம் கெட்டாலும், பசித்தாலும், பதின்பருவத்திலும், பல பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் மாறும். தைராய்டு கோளாறும் காரணமாகலாம். ஆனால் வாட்டம் அநேகமாக நாள் முழுதும், நாள் தவறாமல், இரண்டு வாரம் நீடித்து, சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் பாதித்தால் அதை மூட் என்று சொல்லித் தள்ளிவிடக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1987-இல் வெளியிட்ட கையேட்டில் 'மூட் டிஸார்டர்' என்ற பெயரிலேயே இத்தகைய நோய்களைத் தொகுத்தது. இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "அவ ஒரு மூடி" என்று பெண்களைத்தான் நாம் அதிகம் சொல்கிறோம். அதே மாதிரி நடந்துகொள்ளும் ஆண் அதிகாரிக்கு "கறாரான ஆள்" என்று பெயர். இது நியாயமில்லை.

தமிழில் எழுதும்போது என்ன சொல் போடலாம்?

மூடுக்கு மனநிலை என்று பத்திரிகைகள் எழுதுகின்றன; பொருந்துகிறது. கதையிலும் பேச்சிலும் "மனசு சரியில்லை" என்பது இன்னும் உயிரோட்டமாக இருக்கும். மூடிக்கு ஒரே சொல் தேடாதீர்கள். எப்போதும் எரிந்து விழுபவர் சிடுமூஞ்சி, யாரோடும் ஒட்டாதவர் முசுடு, பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவர் உம்மணாமூஞ்சி. மனம் மாறிக்கொண்டே இருப்பதைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் மேலே எழுதிய "ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்க மாட்டான்" என்பதையே போடுவேன்.

ஊடல் என்று சிலர் பெயர்க்கிறார்கள், அது பொருந்தாது. ஊடலுக்கு எதிரே ஒருவர் வேண்டும், அவர் மேல் அன்பும் வேண்டும். அது தீரும்போது கிடைக்கும் இன்பத்துக்குத்தான் குறளில் ஊடலுவகை என்று கடைசி அதிகாரமே இருக்கிறது. மூடியானவர் தனி அறையிலும் மூடியாகவே இருப்பார்.